வைக்கோல் கட்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? முதல்முறை கணக்குப் போடுகிறவர்களுக்கு

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து டெல்டா வயல்களில் பேலர், அதாவது வைக்கோலைச் சுருட்டிக் கட்டாகக் கட்டுகிற மிஷின், ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, “கட்டு எவ்வளவு?”. 40 ரூபாய் என்று பதில் வரும், அதோடு கணக்கும் முடிந்துவிடும். ஆனால் அந்த 40 மிஷின் கூலி மட்டும்தான். ஏற்றுக்கூலி, கெட்டுப்போகும் கட்டு, வைக்கோலோடு வயலை விட்டு வெளியே போகிற சத்து எதுவும் அதில் இல்லை. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் வருஷா வருஷம் கையைக் கடிக்கிறது. ஒரு நோட்டும் கொக்கியில் தொங்கவிடுகிற தராசும் இருந்தால் போதும். கீழே நான் போடும் விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எடை. சின்ன உருளைக் கட்டு என்றாலும் எல்லாம் ஒரே எடையில் இருக்காது, 15 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். வயலின் நடுவிலிருந்து நாலு, ஓரத்திலிருந்து நாலு, அறுவடை வண்டி திரும்பிய இடத்திலிருந்து இரண்டு என்று பத்துக் கட்டு நிறுத்து, கூட்டிப் பத்தால் வகுங்கள். திரும்பிய இடத்துக் கட்டில் மண் ஏறியிருக்கும், அதுவும் எடைதான், ஆனால் மாடு தின்னாது. ஈரத்தையும் பார்க்க வேண்டும். 20 சதவீத ஈரத்தோடு கட்டிய 20 கிலோ கட்டு, 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 18 கிலோதான் நிற்கும். அதனால் நோட்டில் 18 என்றே எழுதுங்கள்.

அடுத்தது மிஷின். வாடகைக்குக் கட்டினால் இது சுலபம், கட்டுக்கு 40. வயலிலிருந்து வண்டியில் ஏற்றி, வீட்டில் இறக்கி அடுக்க 8 சேர்த்தால் 48.

சொந்தமாக பேலர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானமாகப் போட வேண்டும், ஏனென்றால் பலரும் டீசலையும் நூலையும் மட்டும் கூட்டிவிட்டு “கட்டுக்குப் பத்து ரூபாய்தானே ஆகுது” என்று கடன் வாங்கிவிடுகிறார்கள். மிஷின் 4 லட்சம், எட்டு வருஷம் ஓட்டி 80 ஆயிரத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். தேய்மானம் வருஷத்துக்கு 40,000. வட்டியை, வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் சராசரியான 2,40,000-க்கு 10 சதவீதம் போட்டால் 24,000. கொட்டகை, கிரீஸ், சீசனுக்கு முன் சர்வீஸ் என்று 6,000. ஆக 70,000. ஒரு கட்டுகூடக் கட்டாமல் மிஷின் சும்மா நின்றாலும் இந்தப் பணம் போகும்.

ஓடும்போது ஆகிற செலவு தனி. மணிக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் 92, மணிக்கு 50 கட்டு என்றால் கட்டுக்கு 7.36. டிரைவருக்கு நாளுக்கு 1,000, அன்றைக்கு 300 கட்டு என்றால் 3.33. சணல் நூலுக்கு 3 ரூபாய், டிராக்டர் தேய்மானத்துக்கு 3, ரிப்பேருக்கு 2. மொத்தம் 18.69. நூல் கணக்கை மட்டும் யார் சொல்வதையும் நம்பாதீர்கள், ஒரு உருண்டை எத்தனை கட்டுக்கு வந்தது என்று நீங்களே எண்ணுங்கள், நூல் அறுந்து அறுந்து கட்டினால் செலவு எகிறிவிடும்.

இப்போது அந்த 70,000-ஐக் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வருஷத்துக்கு 10,000 கட்டு கட்டினால் தலைக்கு 7, மொத்தம் 25.69. வெறும் 2,000 கட்டு என்றால் தலைக்கு 35, மொத்தம் 53.69, அதாவது வாடகையைவிட அதிகம். 40-இலிருந்து 18.69-ஐக் கழித்தால் 21.31, 70,000-ஐ இந்த 21.31-ஆல் வகுத்தால் சுமார் 3,300 கட்டு, இதற்கு மேல் கட்டினால்தான் சொந்த மிஷின் வாடகையைவிட மலிவு. வருஷத்துக்கு இந்த அளவு வேலை கையில் இல்லாதவர்கள் மிஷின் வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மானியம் கிடைக்கிறது என்றால் 4 லட்சத்துக்குப் பதில் உங்கள் கையிலிருந்து போகும் தொகையை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

அப்புறம் சேதாரம். கட்டுவதற்கு முன் ஒரு பிடி வைக்கோலை எடுத்து இரண்டு கையாலும் முறுக்குங்கள். நறநறவென்று முறிந்தால் கட்டலாம், வளைந்து கொடுத்தால் இன்னும் காய வேண்டும். தை மாதத்தில் பனி இறங்கும் என்பதால் வெயில் ஏறும்வரை பொறுப்பது நல்லது. ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், பிரித்தால் சாம்பல் நிறத் தூசி பறக்கும், அதை மாட்டுக்குப் போடவே கூடாது. நூறில் 8 கட்டு போனால், நூறுக்கும் ஆன 4,800 ரூபாயை மிச்சம் 92 கட்டுதான் சுமக்க வேண்டும், 48 என்பது 52.17 ஆகிவிடும். குறுவை வைக்கோலுக்கு இந்த 8-ஐ இன்னும் ஏற்றிப் போடுங்கள், அது காய்கிற நேரத்தில் ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கும்.

கடைசியில் யாரும் எழுதாத செலவு, சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்லில் இல்லை, தாளில்தான் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் 18 கிலோ கட்டில் 270 கிராம். பொட்டாஷ் உரத்தில் இது 60 சதவீதம், எனவே 450 கிராம் உரம். 50 கிலோ மூட்டை 1,600 என்றால் கட்டுக்கு 14.40. உங்கள் மாட்டுக்கே போட்டு, சாணியும் மூத்திரமும் சேர்ந்த குப்பையை அதே வயலுக்குக் கொண்டுபோனால் இதில் பெரும்பங்கு திரும்பி வரும், மூத்திரத்தை ஓடவிட்டால் வராது. லாரியில் ஏற்றி விற்றால் முழுசும் போச்சு, அதனால் விற்கிறவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றுங்கள். வாடகை மிஷின், வீட்டு உபயோகம் என்றால் 52.17-ஐ 18-ஆல் வகுக்க 2.90. விற்பனைக்கு என்றால் 48-உம் 14.40-உம் சேர்ந்து 62.40, சேதாரம் போக 67.83, கிலோ 3.77. வயலோடு 40-க்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலும், வீட்டில் இறக்கி 65 என்று வியாபாரி சொன்னாலும், கட்டு விலையை விட்டுவிட்டுப் பத்துக் கட்டை நிறுத்துக் கிலோ விலையைக் கேளுங்கள். 13 கிலோ கட்டு 65 என்றால் கிலோ 5 ரூபாய், 22 கிலோ கட்டு என்றால் 2.95.