மனச்சோர்வு: குணம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் மனச்சோர்வுக்குப் புதிதாகச் சிகிச்சை எடுப்பவர்கள், முன்பு பலர் தடுக்கி விழுந்த இடங்களிலேயே விழுகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்; அதை இங்கே எழுதவில்லை.

தானாக மாத்திரையை நிறுத்துவது

பலன் தெரியத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதனால் சிலர் பத்தாம் நாளே "இது கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட ஆத்திரமூட்டுவது அடுத்த நிறுத்தம். மூன்றாம் மாதம் தூக்கம் திரும்பும், பசி எடுக்கும், ஆள் மறுபடி கடலுக்குப் போவார். வீட்டில் யாராவது, "இன்னும் எதுக்கு மாத்திரை? பழகிடப் போவுது" என்பார்கள். அன்றோடு நிறுத்தம். சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு. "பார்த்தியா, அடிமையாயிட்டே" என்று அதையே சாட்சியாக்குவார்கள். அது தவறு. மருந்து திடீரென நின்றதற்கு உடல் காட்டும் எதிர்வினை அது. மனச்சோர்வு மாத்திரைகளில் போதைப்பொருளுக்கு வரும் ஏக்கம் வருவதில்லை. சில வாரமோ மாதமோ கழித்து நோய் திரும்பும்போது, மாத்திரையை நிறுத்தியதை யாரும் நினைப்பதில்லை.

குணமான பிறகும் குறைந்தது 6 மாதம், பலருக்கு 9 முதல் 12 மாதம் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்காகக் குறைத்து நிறுத்த வேண்டும். 7 நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். படகில் போகிறவர்கள் திருகுமூடி டப்பாவில் இரண்டு நாளுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. ரமலான் நோன்பில் நிறுத்திவிடாமல், சஹருக்கோ (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) நோன்பு திறந்த பிறகோ மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

"மனசு சரியானதும் செய்றேன்"

மனச்சோர்வு முதலில் பறிப்பதே எதையும் செய்யும் விருப்பத்தைத்தான். காத்திருந்தால் வராது, செய்யச் செய்யத்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நாளுக்கு வடிவமே இருக்காது. இரவே நாளைக்கு இரண்டு வேலையை நேரத்தோடு குறித்துவையுங்கள்: காலை 7 மணிக்கு வலையில் ஒரு கிழிசல், மாலை 5 மணிக்கு 10 நிமிட நடை. வலை முழுவதையும் பார்க்கிறேன் என்று தொடங்கினால் அன்றே கைவிட்டுவிடுவீர்கள்.

தூக்கத்துக்கு மது குடிப்பது

தூக்கமும் கெடும், மருந்தின் பலனும் கெடும்.

ஏர்வாடி தர்காவா, ஆஸ்பத்திரியா?

இரண்டுக்கும் போகலாம். துவா (பிரார்த்தனை) நடக்கட்டும், மாத்திரை நிற்க வேண்டாம்.

சாகும் எண்ணத்தை மறைப்பது

உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். அதைக் கேட்டவர், சொன்னவரைத் தனியே விடாமல் கூடவே இருங்கள். பூச்சிமருந்தையும் மீதி மாத்திரைகளையும் வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவர் தெளிவாகத் தெரிந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.