டிராஃப்டுக்குப் போவதா, கல்லூரியில் தொடர்வதா: கூடைப்பந்து வீரருக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதி ஆட்டத்தோடு முடிந்ததும், நன்றாக ஆடிய இளம் வீரர்களின் வீடுகளில் எழும் முதல் கேள்வி, என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், இந்த ஆண்டு தங்கள் பிள்ளையை ஏதாவது ஓர் அணி எடுக்குமா என்பதுதான். இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் இடறிவிடுகிறார்கள். எடுக்கிற அணி எந்த வகை ஒப்பந்தம் தரும், அதில் எத்தனை ஆண்டுச் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு, அந்த அணியில் களமிறங்க இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் விசாரித்து, கிடைத்த விடைகளைக் கல்லூரியில் இன்னோர் ஆண்டு இருந்தால் கிடைக்கக்கூடியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் இடங்களின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது அணிகள், இரண்டு சுற்றுகள், ஆக 60 தேர்வுகள் என்பது பொதுக் கணக்கு; விதிமீறலுக்காக அணிகள் தேர்வுரிமையை இழந்ததால் 2024இல் 58 பேரும் 2025இல் 59 பேரும்தான் எடுக்கப்பட்டார்கள். இந்த இடங்களுக்குப் போட்டியிடுகிறவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மட்டுமல்லர். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொழில்முறை அணிகளில் ஆடும் இளைஞர்களும் உண்டு. கல்லூரியில் ஆடும் தகுதிக்காலம் முடிந்து, பெயர் கொடுக்காமலேயே டிராஃப்டுக்குத் தகுதி பெறும் மூத்த மாணவர்களும் உண்டு. உங்கள் கல்லூரி அணிகளின் பிரிவில் நீங்கள் முதல் ஐந்து பேரில் ஒருவராக இருக்கலாம். ஆனால் டிராஃப்டில் உங்களோடு நிற்கப்போகிறவர்கள் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் மட்டும் அல்லர்.

ஒப்பந்தங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவின் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவருக்கு, எத்தனையாவது இடம் என்பதைப் பொறுத்து முன்கூட்டியே வகுக்கப்பட்ட சம்பள அட்டவணை உண்டு. அந்தத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை அணி கொடுக்கலாம். நடைமுறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் 120 சதவீதமே கிடைக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முழு உத்தரவாதம் உண்டு. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வீரரை வைத்துக்கொள்வதா என்பது அணியின் விருப்பம். 2025இல் முதலாவதாக எடுக்கப்பட்டவரின் முதல் ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டியது. முப்பதாவதாக எடுக்கப்படுகிறவருக்கும் 25 லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கிறது.

முப்பத்தொன்றாம் இடத்திலிருந்து நிலைமை மாறிவிடுகிறது. இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுகிறவருக்கு வகுக்கப்பட்ட சம்பளமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை, எல்லாம் பேரம்தான். அந்தச் சுற்றின் தொடக்கத்தில் எடுக்கப்படுகிற சிலர் நல்ல பல்லாண்டு ஒப்பந்தம் பெறுகிறார்கள். நடுவிலும் கடைசியிலும் எடுக்கப்படுகிறவர்களில் பலருக்குக் கிடைப்பது டூ-வே ஒப்பந்தம். இதைப் பெற்றவர் அணியின் பதினைந்து நிரந்தர இடங்களில் ஒருவராக எண்ணப்படமாட்டார், என்.பி.ஏ. அணிக்கும், ஜி லீக் எனப்படும் கீழ்நிலை லீக்கில் உள்ள அதன் கிளை அணிக்கும் இடையே போய்வருவார். பருவத்தில் அதிகபட்சம் 50 என்.பி.ஏ. ஆட்டங்களுக்கே அணியில் சேர்க்கப்படலாம். பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஆட முடியாது. ஓர் அணிக்கு மூன்று டூ-வே இடங்கள் உண்டு. 2025-26 பருவத்தில் அதன் சம்பளம் 6,36,435 டாலர், அதாவது புதுமுக வீரரின் குறைந்தபட்ச என்.பி.ஏ. சம்பளத்தில் பாதி. அதுவும் கிடைக்காமல் ஜி லீக் ஒப்பந்தத்தில் மட்டும் ஆடுகிறவரின் பருவச் சம்பளம் 40,000 டாலரைச் சற்றே தாண்டும்.

இந்தப் படிக்கட்டை, கல்லூரியில் இன்று கிடைக்கும் பணத்தோடு வைத்துப் பாருங்கள். 2021 ஜூலையில் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பொருளீட்ட மாணவர்களுக்குக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அனுமதி தந்தது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற சமரச உடன்பாட்டின்படி, அதே ஆண்டு ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து முதலாண்டில் ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்பது உச்சவரம்பு. பெரிய கல்லூரிகளில் முன்னணி வீரர் ஓர் ஆண்டில் பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறுவது இப்போது புதுமையன்று. இதன் விளைவு எண்ணிக்கையிலேயே தெரிகிறது: 2021இல் தகுதிக்காலம் முடியுமுன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106 பேர். டூ-வே ஒப்பந்தம்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் ஒருவர், பணத்துக்காக மட்டும் கல்லூரியை விட்டுப் போக வேண்டிய காலம் முடிந்துவிட்டது. குடும்பத்தின் கடனோ, அம்மாவின் மருத்துவச் செலவோ பிள்ளைகளை அவசரமாக டிராஃப்டுக்குத் தள்ளிய ஆண்டுகளை நினைத்தால், இந்த மாற்றம் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதல் சுற்று வீரரின் உண்மையான பெரும்பணம் அவருடைய இரண்டாவது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கல்லூரியில் ஓர் ஆண்டு கூடுதலாக இருந்தால் அந்த ஒப்பந்தமும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். அணிகள் வயதையும் விலையாகப் பார்க்கின்றன. ஒரே அளவு ஆட்டத்தைப் பத்தொன்பது வயதுக்காரரும் இருபத்திரண்டு வயதுக்காரரும் ஆடினால், இன்னும் வளர இடமுண்டு என்று இளையவரையே முன்னதாக எடுப்பார்கள். ஆகவே, லாட்டரி எனப்படும் முதல் பதினான்கு இடங்களுக்குள் வருவீர்கள் என்று நம்பத்தகுந்த இடங்களிலிருந்து ஒரே குரலாகத் தகவல் வந்தால், போய்விடுங்கள். அங்கே நீண்ட யோசனைக்கு வேலையில்லை. கடினமான முடிவு இருபத்தைந்தாம் இடத்துக்கும் ஐம்பதாம் இடத்துக்கும் இடையில் பேசப்படுகிறவர்களுக்குத்தான். இனி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அவர்களுக்கே.

பருவம் முடிந்த வாரத்திலேயே, யாருடைய பாராட்டும் காதில் விழுமுன், உங்கள் எல்லைக்கோட்டை எழுதி வையுங்கள். 'முதல் சுற்று உறுதியில்லையென்றால் திரும்பிவிடுவேன்' என்பது ஒருவரின் கோடாக இருக்கலாம். 'இரண்டு ஆண்டு உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் எந்தச் சுற்றில் கிடைத்தாலும் போவேன்' என்பது இன்னொருவரின் கோடாக இருக்கலாம். எது என்பதை உங்கள் குடும்பச் சூழலும் வயதும்தான் தீர்மானிக்கும். எழுதி வைப்பது ஏனென்றால், மே மாதத்தில் மூன்று அணிகளின் பயிற்சிக் கூடங்களுக்குப் போய்வந்து, எல்லோரும் கைகுலுக்கி நல்ல வார்த்தை சொன்ன பிறகு, அந்தக் கோடு தானாகவே கீழே இறங்கிவிடும்.

நாட்களைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தகுதிக்காலம் மிச்சமிருக்கும் வீரர் டிராஃப்ட் நாளுக்கு 60 நாள் முன்னதாகப் பெயர் கொடுத்துவிட வேண்டும். பொதுவாக அது ஏப்ரல் கடைசியில் வரும். பெயரைத் திரும்பப் பெற இரண்டு கெடுக்கள் உண்டு, பலர் குழம்புவது இங்கேதான். என்.பி.ஏ. வைத்திருக்கும் கெடு டிராஃப்டுக்கு 10 நாள் முன்பு. ஆனால் கல்லூரித் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள என்.சி.ஏ.ஏ. வைத்திருக்கும் கெடு அதற்கு முன்பே, மே கடைசியில் வந்துவிடுகிறது. கல்லூரி மாணவருக்கு இந்த முந்தைய கெடுதான் முக்கியம். 2025இல் அது மே 28. டிராஃப்ட் ஜூன் 25, 26. இவற்றோடு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்துகொள்கிறது. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர் பெயர் பதிய வேண்டிய காலம் ஏப்ரலிலேயே முடிந்துவிடுவதால், அணிகளின் கருத்து முழுதாகத் தெரியுமுன்பே, 'திரும்பினால் எந்தக் கல்லூரிக்கு' என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. யாக்செல் லெண்டபோர்க் 2025இல் யு.ஏ.பி. கல்லூரியிலிருந்து மிச்சிகனுக்கு மாற ஒப்புக்கொண்டு, டிராஃப்டுக்கும் பெயர் கொடுத்து, அணிகள் வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பைன் முகாமில் கலந்துகொண்டு, கெடுவுக்குள் விலகி மிச்சிகனுக்கே போனார். இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருப்பது இப்படித்தான்.

உங்கள் மதிப்பு என்ன என்று தெரிந்துகொள்ள முறையான வழி, என்.பி.ஏ.வின் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்பது. அணி நிர்வாகிகளின் கருத்தைத் திரட்டி, நீங்கள் லாட்டரியில் வருவீர்களா, முதல் சுற்றிலா, இரண்டாவதிலா, எடுக்கப்படாமல் போவீர்களா என்று அந்தரங்கமாகச் சொல்வார்கள். பயிற்சியாளர் வழியாகக் கேட்கலாம். முகவர் சொல்வதையும் யார் எந்த இடத்தில் எடுக்கப்படுவார் என்று ஊகித்து இணையத்தில் வரும் மாக் டிராஃப்ட் பட்டியல்களையும் இந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் வையுங்கள். முகவருக்கு நீங்கள் போவதில் வருமானம் உண்டு, பயிற்சியாளருக்கு நீங்கள் திரும்புவதில் வெற்றி உண்டு; இருவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் இது மாறாது. முகவரை அமர்த்தினால் அவர் என்.சி.ஏ.ஏ. சான்று பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கல்லூரிக்குத் திரும்பினால் அதை முடித்துக்கொள்ள வேண்டும்.

சிகாகோவில் மே மாதம் நடக்கும் கம்பைனுக்கு அழைப்பு வருகிறதா என்பதே ஒரு தகவல். அழைப்பு வராதவர் முதல் சுற்றில் எடுக்கப்படுவது அரிது. அங்கே காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றுதான் உயரம் அளக்கிறார்கள். கல்லூரி அணியின் பட்டியலில் ஆறடி ஆறு அங்குலம் என்று எழுதப்பட்டவர் ஆறடி நாலரை அங்குலமாகிவிடுவது அந்த நிமிடத்தில்தான். பிறகு இரு கைகளையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளப்பார்கள். நின்ற இடத்தில் கையைத் தூக்கி எட்டும் உயரத்தையும் குறிப்பார்கள். பாதுகாப்பு ஆட்டத்தில் நீங்கள் யாரை மறித்து ஆட முடியும் என்பதை அணிகள் இந்த இரண்டு எண்களிலிருந்தே கணிப்பதால், உயரத்தைவிட இவை கூடுதல் எடை பெறுகின்றன. ஓட்டம், குதித்தல், எறிதல் பயிற்சிகள், ஐந்துக்கு ஐந்து ஆட்டம், மருத்துவச் சோதனை, அணிகளோடு நேர்காணல் எல்லாம் உண்டு. நேர்காணலில் உங்கள் ஆட்டத்தின் காணொளியை ஓடவிட்டு, பந்தைத் தவறவிட்ட இடத்தில் நிறுத்தி, 'இங்கே என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்கக்கூடும். சக வீரர் தவறான இடத்தில் நின்றார் என்பதே உண்மையாக இருந்தாலும், நீங்கள் செய்திருக்க வேண்டியதைத்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவச் சோதனைக்கு முன்பே உங்கள் சொந்த மருத்துவரிடம் முழங்கால், முதுகு, பாதம் ஆகியவற்றைக் காட்டிவிடுங்கள். மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் பள்ளிக் காலத்தில் தன் வயதினரில் முதல் வரிசையில் இருந்தவர். முதுகு அறுவை சிகிச்சையால் மிசூரியில் பெரும்பாலான பருவத்தை இழந்து, 2018இல் 14ஆம் இடத்துக்கு இறங்கினார். கல்லூரியில் தொடர முடிவு செய்கிறவர் காயத்துக்கும் மதிப்பிழப்புக்குமான காப்பீட்டைப் பற்றிக் கல்லூரியிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

தொடர்வதால் எதை மாற்றப்போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், தொடர்வதற்கு நியாயம் குறைவு. பட்டி ஹீல்ட் 2015இல் ஓக்லஹோமாவில் நான்காம் ஆண்டுக்குத் தங்கினார். மூன்று புள்ளி எறிதலில் அவருடைய துல்லியம் சுமார் 36 சதவீதத்திலிருந்து 46 சதவீதத்துக்கு உயர்ந்தது. 2016இல் ஆறாவதாக எடுக்கப்பட்டார். பர்டூவின் ஏழடி நான்கு அங்குல உயரமுள்ள, கூடைக்கு அருகில் ஆடும் சென்டர் சாக் ஈடி, 2023இல் நாட்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றிருந்தும் இரண்டாம் சுற்று ஆளாகவே பேசப்பட்டார். கெடு நாளில் பெயரைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோய், அதே விருதை மீண்டும் வென்று, 2024இல் மெம்ஃபிஸ் அணியால் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டார். ஆனால் விருதுகளே டிராஃப்ட் இடத்தைத் தந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2022இல் அதே விருதைப் பெற்ற கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே இன்னோர் ஆண்டு ஆடிவிட்டு வந்தபோது, 2023 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் அவருக்கு நிகரில்லை, ஆனால் என்.பி.ஏ. அணிகள் சென்டரிடம் தேடும் உயரமும் வெளியிலிருந்து எறியும் திறமும் கூடுதல் ஆண்டால் வந்துவிடவில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் வேலை செய்து பணம் பெறுவதற்குக் கட்டுப்பாடு இருப்பதால், கல்லூரியில் கிடைக்கும் பணத்தைக் கணக்கில் சேர்க்குமுன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். இந்திய வம்சாவளி வாசகர்களுக்கு நினைவிருக்கும் பெயர் சிம் புல்லர். ஏழடி ஐந்து அங்குல உயரமுள்ள இந்தக் கனடா நாட்டவர் நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு 2014இல் வெளியேறினார், யாரும் எடுக்கவில்லை. இன்றைய ஜி லீக்கின் முன்னைய வடிவமான வளர்ச்சி லீக்கில் ஆடி, 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணியின் பத்து நாள் ஒப்பந்தத்தில் என்.பி.ஏ. களத்தில் இறங்கினார், ஆடியது மூன்று ஆட்டங்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டிப் போவதென்று தீர்மானித்தவர் டிராஃப்ட் இரவுக்கும் தயாராக வேண்டும். இரண்டாம் சுற்று நடக்கும்போது அணிகள் முகவரை அழைத்து, 'இந்த இடத்தில் எடுத்தால் டூ-வேக்குச் சம்மதமா?' என்று கேட்பார்கள். பதில் சொல்லச் சில நிமிடங்களே இருக்கும். ஆஸ்டின் ரீவ்ஸை 2021இல் 42ஆம் இடத்தில் எடுக்க டெட்ராய்ட் விரும்பியபோது, அவர் தரப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டு, எடுக்கப்படாதவராக லேக்கர்ஸின் டூ-வே ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தது. எடுக்கப்படாதவர் தனக்குப் பொருந்தும் அணியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். எடுக்கப்பட்டவரின் உரிமை எடுத்த அணியிடம் இருக்கும். எந்தெந்த அணியில் உங்கள் இடத்தில் ஆள் குறைவு என்ற பட்டியலை முகவரோடு உட்கார்ந்து ஜூன் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள்.

திரும்புவதென்று முடிவானால் கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள். பயிற்சியாளரிடம் வாய்மொழியாகச் சொல்வதும் சமூக ஊடகத்தில் அறிவிப்பதும் விலகலாகாது. என்.பி.ஏ.வுக்கு எழுத்தில் அனுப்பி, அது பெறப்பட்டதற்கான பதிலை வாங்கி, அதன் நகலையும் முகவர் ஒப்பந்தம் முடிந்ததற்கான கடிதத்தையும் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் கெடுவுக்கு முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.