பல்ஸ் ஆர்.எஃப். பிளாஸ்மாவில் எலக்ட்ரான் அடர்த்தியை அளப்பது எப்படி?

வாயுவை அயனியாக்கிப் பிளாஸ்மா ஆக்கும் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) பவரைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்தால் அது பல்ஸ் பிளாஸ்மா. சிப் தயாரிப்பில் எட்சிங் (அரித்தெடுத்தல்) செய்யும்போது வேஃபரில் (சிலிக்கான் தகட்டில்) மின்னூட்டம் சேர்ந்து சேதமாவதைக் குறைக்க இது உதவுகிறது. ஆனால் இதை அளக்கிற பலர் ஒரு சராசரி எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பவர் ஓடும்போது இருப்பது ஒரு பிளாஸ்மா, பவர் நின்று சில பத்து மைக்ரோவிநாடிகளில் இருப்பது வேறொரு பிளாஸ்மா. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண் இரண்டையுமே சொல்லாது.

உதாரணத்துக்கு, 13.56 மெகாஹெர்ட்ஸில் காயில் வழியாகப் பவர் கொடுக்கும் சேம்பர், 10 மில்லிடார் ஆர்கான், 1 கிலோஹெர்ட்ஸ் பல்ஸ், 50 சதவீத டியூட்டி என்று வைத்துக்கொள்வோம். அதாவது 500 மைக்ரோவிநாடி ஆன், 500 மைக்ரோவிநாடி ஆஃப்.

1. முதலில் ட்ரிகர். ஆஸிலோஸ்கோப்புக்கு ட்ரிகரை, அதாவது பதிவைத் தொடங்கச் சொல்லும் சிக்னலை, ஜெனரேட்டரின் பல்ஸ் சிங்க் அவுட்புட்டிலிருந்து எடுங்கள். பிளாஸ்மாவின் ஒளியிலிருந்து எடுத்தால், பற்றிக்கொள்ளும் நேரம் பல்ஸுக்குப் பல்ஸ் கொஞ்சம் மாறும், உங்கள் பூஜ்ஜியமும் அதோடு நகரும்.

2. கேபிள் முனை. இதில் அவசரப்படாதீர்கள். கோஆக்ஸ் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. பிளாஸ்மாவின் ஒளியை மின் சிக்னலாக்கும் போட்டோமல்டிப்ளையரை 2 மீட்டர் கேபிளில் இணைத்து ஸ்கோப்பை 1 மெகாஓம் இன்புட்டிலேயே விட்டால் காலமாறிலி (சிக்னல் மாற எடுக்கும் நேரம்) 200 மைக்ரோவிநாடி ஆகிவிடும். பவர் நின்றதும் ஒளி மெதுவாக அணைவது போல ஒரு அழகான வளைவு திரையில் தெரியும், ஆனால் அது பிளாஸ்மா அல்ல, கேபிள். 50 ஓமுக்கு மாற்றினால் காலமாறிலி 10 நானோவிநாடிக்கு இறங்கிவிடும். சிக்னல் சின்னதாகும், பரவாயில்லை, நிறைய பல்ஸ்களைச் சராசரி எடுத்துக்கொள்ளலாம். பல்ஸ்களுக்கு இடையே சராசரி எடுப்பது சரி, ஒரு பல்ஸுக்குள்ளே எடுப்பதுதான் தப்பு.

3. மேட்சிங். பவர் திரும்பி வராமல் பிளாஸ்மாவுக்குப் போகும்படி சரிசெய்வது மேட்சிங் பாக்ஸ். அதன் மோட்டாரால் மைக்ரோவிநாடி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதை மேனுவலில் ஒரு இடத்தில் நிறுத்திவிடுங்கள். பல்ஸின் தொடக்கத்தில் திரும்பி வரும் பவர் அதிகமாகத்தான் இருக்கும், அதையும் ஒரு சேனலில் பதிவு செய்யுங்கள். பாக்ஸைத் திறக்கும் முன் ஜெனரேட்டர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆர்.எஃப். சூடு ஆழமாகச் சுடும்.

4. ஹேர்பின் ப்ரோப். கொண்டை ஊசி போல வளைத்த கம்பி. சுற்றிலும் எலக்ட்ரான் அடர்த்தி கூடினால் இது ஒத்ததிரும் அதிர்வெண்ணும் ஏறும், அந்த ஏற்றத்திலிருந்துதான் அடர்த்தியைக் கணக்கிடுகிறோம். கை நீளம் 25 மில்லிமீட்டர் என்றால் வெற்றிடத்தில் சுமார் 3 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். சின்ன லூப் ஒன்றால் மைக்ரோவேவ் கொடுத்து, திரும்பி வருவதை டையோடு டிடெக்டரில் வாங்கி ஸ்கோப்புக்கு அனுப்புங்கள், இங்கேயும் 50 ஓம்தான். டையோடுக்கு முன் ஹை பாஸ் ஃபில்டர் வைக்காவிட்டால் 13.56 உள்ளே புகுந்துவிடும். முதலில் பிளாஸ்மா இல்லாமல் ஸ்வீப் செய்து வெற்றிட அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. அளவீடு. பிளாஸ்மாவைப் பற்றவைத்து மைக்ரோவேவை 3.6 கிகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பள்ளங்கள் தெரியும்: அடர்த்தி ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. (நெகட்டிவ் டையோடு என்றால் பள்ளம் மேடாகத் தெரியும்.) அந்த இரண்டு நேரங்களிலும் அடர்த்தி ஒன்றேதான். 3.6-இன் வர்க்கத்திலிருந்து 3-இன் வர்க்கத்தைக் கழித்தால் 3.96, அதை 0.81 ஆல் (கிகாஹெர்ட்ஸ் வர்க்கத்தை ஆயிரம் கோடி எலக்ட்ரான்கள் கணக்கில் மாற்றும் எண்) வகுத்தால் சுமார் 4.9. அதாவது கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4,900 கோடி எலக்ட்ரான்கள். கம்பியைச் சுற்றி ஷீத் (எலக்ட்ரான்கள் குறைந்த மெல்லிய அடுக்கு) இருப்பதால் நிஜ அடர்த்தி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இனி 3.1-இலிருந்து 0.1 கிகாஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே போய், பள்ளம் விழும் நேரங்களைக் குறியுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் பள்ளமே வராது, அதுதான் உச்ச அடர்த்தி. புள்ளிகளைச் சேர்த்தால் முழுச் சுற்றும் கையில் வந்துவிடும்.

அப்புறம் இதன் மேல் ஆர்கானின் 750.4 நானோமீட்டர் ஒளியை வரைந்து பாருங்கள். பவர் நின்றதும் ஒளி சட்டென்று சரியும், அடர்த்தி நின்று நிதானமாக இறங்கும். அந்த ஒளிக்கு வேகமான எலக்ட்ரான்கள் வேண்டும், பவர் போனதும் முதலில் காணாமல் போவது அவைதான்.

ஆர்கான் பழகியபின் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து அதே அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளோடு ஒட்டி நெகட்டிவ் அயனிகள் உருவாகும், ஹேர்பின் கண்ணுக்கு அந்தக் கனமான அயனிகள் தெரியாது. அதனால் அந்தத் தரவை மொத்த மின்னூட்டம் என்று எழுதாமல், எலக்ட்ரான் அடர்த்தி என்றே குறித்து வையுங்கள்.