பழைய மின் கிட்டாரையும் அதன் உதிரிப் பாகங்களையும் இணையத்தில் வாங்கும் முறை

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்கிலோ இருந்துகொண்டு 1960களின் ஃபெண்டர், கிப்சன் நிறுவனங்களின் கிட்டார்களைத் தேடுபவருக்கு உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது சொற்பமே. ஆகவே ரிவர்ப், ஈபே போன்ற வெளிநாட்டுத் தளங்களையும், கம்ட்ரீ, பாப் ஷாப் போன்ற உள்நாட்டுத் தளங்களையும் நாட வேண்டியிருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்க இயலாத கருவிக்குப் பெருந்தொகை கொடுக்கிறோம் என்பதால், விற்பவர் சொல்லும் வரலாற்றைவிடக் கருவிக்குள் பதிந்துள்ள தேதிகளையே நம்ப வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே உட்பகுதியின் படங்களைக் கேளுங்கள். தெளிவான படம் தர மறுப்பவரிடம் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

ஃபெண்டர் கிட்டாரில் கழுத்து திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், அதைக் கழற்றி அடிப்பாகத்தைப் படமெடுக்கச் சொல்வது நியாயமான வேண்டுகோள்தான். பழைய கிட்டார்களில் அங்கே பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கும். பின்புறத் தகட்டிலுள்ள வரிசை எண்ணை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்கக் கூடாது, ஏனெனில் அந்தத் தகட்டை நான்கு திருகாணிகளைக் கழற்றி எவரும் மாற்றிவிடலாம். 1976 முதல்தான் அந்த எண் தலைப்பகுதிக்கு மாறியது.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது, ஒலியளவையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பாட்களின் முதுகிலுள்ள எண். முதல் மூன்று இலக்கங்கள் உற்பத்தியாளரைக் குறிக்கும்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். கடைசி இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், இடையில் உள்ளவை ஆண்டையும் காட்டும். 1377633 என்பது சிடிஎஸ் நிறுவனம் 1976-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தில் செய்த பாட். கிட்டார் எந்தத் தேதிக்கு முன் உருவாகியிருக்க முடியாது என்பதை மட்டுமே இந்த எண் சொல்கிறது. ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் பெருமளவில் பாட்களை வாங்கி இருப்பு வைத்தது. எனவே 1969-ஆம் ஆண்டுக் கிட்டாரில் 1966-ஆம் ஆண்டு எண் இருப்பது குறையன்று. மாறாக, 1965 என்று விற்கப்படும் கிட்டாரில் 1971 எண் இருந்தால் மின்பகுதி மாற்றப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மின்கம்பிகளை இணைக்கும் சால்டர் பற்றுகள் மங்கலாகவும் தொடப்படாமலும் உள்ளனவா என்பதையும் அதே படத்தில் பார்த்துவிடலாம்.

கிப்சனில் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பகுதியின் பின்புறம். பல காலகட்டங்களில் 17 பாகை சாய்வுடன் மகோகனி மரத்தில் செய்யப்பட்ட தலை அது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் பதித்த ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியின் திருகுமுனைக்காக அவ்விடத்திலேயே மரம் குடையப்பட்டிருப்பதால், கீழே விழும்போது அங்கேதான் ஒடியும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு படமும், புற ஊதா விளக்கொளியில் ஒரு படமும் கேளுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கு நடுவே பின்னாளில் தெளித்த பகுதி வேறு நிறத்தில் தெரியும். ஒடிந்து ஒட்டப்பட்ட கிட்டாரின் விலை பெரிதும் குறையும். ஒட்டு உறுதியாக இருந்தால், சேகரிப்பவர் ஒதுக்கும் அந்தக் கிட்டாரையே மேடையில் வாசிப்பவருக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பேன். கிப்சன் 1960களில் பயன்படுத்திய எண்களைப் பின்னரும் பயன்படுத்தியதால் வரிசை எண் குழப்பம் தரும். 1970 முதல் தலையின் பின்னே ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்ற முத்திரை இருப்பது உதவும். 1977 முதல் எட்டு இலக்க எண்ணின் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து ஆண்டைக் காட்டும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் திருமண வீடுகளில் வாரந்தோறும் வாசிக்கும் கலைஞர்களுக்கு 1982-இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் தொடக்கக்கால கிட்டார்களும், அதே காலத்து ஜப்பானிய டோக்காய், கிரேக்கோ கிட்டார்களுமே பொருத்தமானவை. வேலைப்பாடு சிறப்பானது, விலையும் அமெரிக்கக் கிட்டார்களின் உயரத்துக்குப் போகாது.

உதிரிப் பாகங்களை வாங்கும்போது பெயரைவிட அளவே முக்கியம். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில், தந்திகளைத் தாங்கும் பழைய அமெரிக்கப் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே சுமார் 56 மில்லிமீட்டர் இருக்கும். ஆசியாவில் செய்த பலவற்றில் 52.5 மட்டுமே இருக்கும். பாட் ஒன்றின் தண்டு அங்குல அளவா மெட்ரிக் அளவா என்று தெரியாமல் குமிழை வாங்கினால் அது உட்காராது. தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பழைய டியூனர்களுக்கான துளை ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர், புதியவற்றுக்கு 10 மில்லிமீட்டர். துளையைப் பெரிதாக்கிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஆகவே பழைய அளவுக்கே பாகம் தேடுங்கள். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பை வாங்கினால் மல்டிமீட்டர் அளவைப் படத்துடன் கேளுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 கிலோ ஓம் காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. கிப்சனின் 1957 முதல் 1962 வரையிலான ஹம்பக்கர்கள் எனும் இரட்டைச் சுருள் பிக்கப்களின் அடியில் ஒட்டியிருக்கும் ‘பேட்டன்ட் அப்ளைட் ஃபார்’ (காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது) என்ற தாள் எளிதில் போலியாக அச்சிடப்படுகிறது. அந்தத் தாளுக்காக மட்டும் பணம் தராதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குள் பயன்படுத்திய பொருளைக் கொண்டுவர, ஐடாக் எனப்படும் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். அதைப் பொருள் அனுப்பப்படுவதற்கு முன்பே பெற வேண்டும். மதிப்புக் கூட்டு வரியான 15 விழுக்காடு, சுங்க மதிப்போடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கணக்கிடப்படுகிறது: 30,000 ராண்ட் மதிப்புள்ள கிட்டாருக்கு வேறு சுங்க வரி இல்லாதபோதும் 4,950 ராண்ட் ஆகும். 1960களின் முற்பகுதி ஃபெண்டர்கள் பலவற்றின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992 முதல் உள்ள அந்த மரம் உரிய சான்றிதழ் இன்றி எல்லை தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்துவிட்டது.

பணத்தைத் தளத்தின் பாதுகாப்புக்குள்ளேயே செலுத்துங்கள். தந்திகளைத் தளர்த்தி, தலைப்பகுதிக்கு அடியிலும் மேலும் மெத்தை வைத்துக் கட்டச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். பெட்டி வந்ததும் திறக்காமல் ஒரு நாள் அறையில் வைத்திருங்கள். குளிரிலிருந்து வந்த நைட்ரோ பூச்சு டர்பனின் வெப்பத்தைத் திடீரெனச் சந்தித்தால் மயிரிழைபோல் வெடிக்கும். திறக்கும்போதே படமெடுத்து, பாட் எண்களையும் கழுத்துத் தேதியையும் விற்பவர் அனுப்பிய படங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் தளம் அளிக்கும் கெடுவுக்குள் முறையிடுங்கள். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அவசரப்பட வேண்டாம். டர்பனின் ஈரப்பதத்துக்கோ ஜோகன்னஸ்பர்கின் உலர்ந்த குளிர்காலத்துக்கோ மரம் பழகச் சில வாரங்கள் ஆகும், அதற்குப் பின் ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்யலாம்.