கானா பாட்டுக்கு மாஸ்டரிங்: எந்த டூல் முதலில்?

வியாசர்பாடியில் என் அறையிலேயே கானா பாட்டுகளை மாஸ்டர் செய்கிறேன், அதாவது கலந்து முடித்த பாட்டை வெளியிடும் முன் கடைசியாக மெருகேற்றுகிறேன். தம்பிகளுக்கு நான் சொல்வது: காசு போட்டு எதையும் வாங்கும் முன் சத்தத்தை அளக்கும் யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பை இறக்குங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவை) சத்தத்தைச் சமன்செய்கிறது. அதைவிட ஏற்றி அனுப்பினால் அங்கே குறைந்துவிடும். ஆனால் சத்தத்தின் உச்சத்தை அடக்கும் லிமிட்டரில் நசுங்கிய டோலக் அடி நசுங்கியதுதான், திரும்பி வராது. உயிரே அந்த அடியில்தானே இருக்கிறது!

அடுத்து ஈக்யூ, ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் டூல். டிடிஆர் நோவா இலவசம், டைனமிக் ஈக்யூவும் அதிலேயே உண்டு. உச்சஸ்தாயியில் குரல் காதைக் குத்தும்போது, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அந்த நொடியில் மட்டும் அடக்கும்.

கடைசியாக ட்ரூ பீக் லிமிட்டர், ஒலி அலையின் உண்மையான உச்சத்தைப் பிடிக்கும் லிமிட்டர். உச்சம் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒலியை இடவலமாக விரிக்கும் ஸ்டீரியோ வைடனர் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு டூலையும் பைபாஸ் போட்டு (தற்காலிகமாக அணைத்து), ஒரே சத்த அளவில் ஒப்பிட்டுக் கேளுங்கள். பிறகு ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரிலும் கேளுங்கள்.