வைஃபை காணோமா? கார்டை மாற்ற ஓடாதீர்கள்

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் லேப்டாப்பில் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டு போட்டதிலிருந்து வைஃபை இல்லை. "வைஃபை கார்டு போச்சு மாமா, சேலம் கொண்டுபோய் மாத்திடலாம்" என்றான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்கு முன்னால் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறடா என்றேன்.

முதலில், வைஃபை அணைந்து கிடக்கிறதா என்று பார்க்க 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடியுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு பிளாக்டு' என்றால் கட்டளை வேலைக்கு ஆகாது. விமானப் படம் போட்ட பட்டனையோ பக்கவாட்டு சுவிட்சையோ தேடுங்கள்.

பட்டியலில் வைஃபையே இல்லையா? 'எல்எஸ்பிசிஐ -கே' கொடுங்கள். கார்டு பெயர் இருந்து, அதன் கீழ் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லாவிட்டால், கார்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. பிராட்காம் கம்பெனியின் பழைய கார்டுகளுக்கு இதே வேலை. மருமகனுடையதும் அதுதான்.

டிரைவர் இறக்க நெட் வேண்டுமே? போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி போன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள், கம்பி இணைப்பு மாதிரி வந்துவிடும். பிறகு உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். கையெழுத்து சரிபார்த்த மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இருந்தால் பாஸ்வேர்டு ஒன்று வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும்போது 'என்ரோல் மோக்' (சாவியைப் பதிவு செய்) கொடுத்து அந்தப் பாஸ்வேர்டையே அடிக்க வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ' தட்டிவிட்டு, இன்னொரு முறை முதலிலிருந்து செய்தான் பையன்.