குழந்தை வார்டில், தாய்க்கு மனச்சோர்வு: பேச்சுவழிச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை மலேசியாவின் ஈப்போ மருத்துவமனையில் இன்குபேட்டரில் இருக்க, சுங்கை சிப்புட்டிலோ சுற்றியுள்ள தோட்டங்களிலோ பத்தியச் சோறு உண்டு படுத்திருக்கும் தாய் அழுதால், வீட்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. "பிள்ளை அங்கே கிடக்கும்போது பெற்றவளுக்கு அழுகை வராமல் இருக்குமா?" என்கிறார்கள். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனாலும் முதல் தவறு அதுதான். துயரத்துக்குக் கண்கூடான காரணம் இருப்பதாலேயே, அதற்கு அடியில் வளரும் நோய் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. பிரசவித்த சில நாள்களில் வரும் அழுகையும் மனக்கலக்கமும் பொதுவாக 2 வாரங்களுக்குள் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தையைப் பார்க்கப் போகவே தோன்றாமை ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோலில், கடந்த 7 நாள்களைப் பற்றிய 10 கேள்விகளே உள்ளன. வீட்டுக்கு வரும் தாதியிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ அதைப் பற்றிக் கேளுங்கள்.

"குழந்தை வீடு வந்து சேரட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்று நாளைக் கடத்துவது அடுத்த தவறு. குழந்தை வந்த பிறகும், வார்டில் கேட்ட எச்சரிக்கை மணியை நினைத்து நடுங்குகிற தாய்மாரும், மூச்சு வருகிறதா என்று இரவெல்லாம் குழந்தையின் மார்பில் கை வைத்துப் பார்க்கிற தாய்மாரும் உண்டு. அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் 105 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குழந்தை மருத்துவமனையில் இருந்த காலத்திலேயே பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. நம் நாட்டில் 2023 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 98 நாள்கள். குழந்தை வார்டில் இருக்கும் வாரங்களும் அதிலேயே கழிகின்றன. காத்திருப்பவர், வேலைக்குத் திரும்பும் நேரத்தில்தான் உதவி தேடத் தொடங்குவார்.

பேச்சுவழிச் சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறுதல் சொல்ல அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் போதும். "துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன், அதனால்தான் ஏழாம் மாதமே பிறந்துவிட்டது" என்று ஒரு தாய் சொல்வதாகக் கொள்வோம். பயிற்சி பெற்ற ஆலோசகர், "அப்படியெல்லாம் இல்லைம்மா" என்று முடித்துவிட மாட்டார். அந்த எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, வந்ததும் அவர் என்ன செய்தார், அன்று வார்டுக்குப் போனாரா, முன்கூட்டியே பிறந்ததற்கு மருத்துவர் சொன்ன காரணம் என்ன என்று படிப்படியாகக் கேட்பார். காரணம் கேட்டதே இல்லை என்றால், அடுத்த சந்திப்புக்குள் மருத்துவரிடம் கேட்டு வருவதே அவருக்கான பணியாகும். தாதியின் உதவியோடு குழந்தையை 10 நிமிடம் நெஞ்சோடு அணைத்திருப்பது இன்னொரு பணியாக இருக்கலாம். உறவுகளை மையமாக வைத்து நடத்தும் சிகிச்சை முறையும் உண்டு. பத்தியக் காலத்தில் காற்றுப் படக்கூடாது என்று மாமியார் தடுக்க, கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் நிற்க, கறந்த பாலை யார் கையிலோ கொடுத்தனுப்பிவிட்டு வீட்டுக்குள் குமையும் பெண்ணுக்கு, அந்தப் பேச்சை வீட்டில் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்ப்பதே சிகிச்சையின் பெரும்பகுதியாகிவிடும்.

அந்த மாமியாரே சிகிச்சை அறையிலும் உட்கார்ந்திருந்தால், "பிள்ளைமேல் எனக்குப் பாசமே வரவில்லை" என்று எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டார். ஆலோசகர் மலாயில் பேசுபவராக இருந்து, தங்கையோ நாத்தனாரோ மொழிபெயர்த்தாலும் இதே சிக்கல்தான். கடுமையான சொற்களை அவர்கள் அன்பினாலேயே மழுப்பிவிடுவார்கள். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே தமிழ் தெரிந்த ஆலோசகரோ தாதியோ வேண்டும் என்று கேளுங்கள். கணவர் கலந்துகொள்வது நல்லது, அதுவும் தாய் சம்மதித்தால்.

ஓரிரு முறை போய்விட்டுப் பலனில்லை என்று நிறுத்தக்கூடாது. வாரம் ஒன்றாகப் பல அமர்வுகள் தேவைப்படும். ஈப்போவுக்குக் குழந்தையைப் பார்க்கப் போகும் நாளிலேயே சந்திப்பையும் வைத்துக்கொண்டால் போக்குவரத்துச் சுமை குறையும். தொலைபேசி வழியாகவும் இச்சிகிச்சையை நடத்த முடியும்.

நோய் கடுமையானால் பேச்சு மட்டும் போதாது. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவிலேயே சேர்கிறது. ஆகவே பாலூட்டுவதைக் காரணம் காட்டி மருந்தைத் தாமாகவே நிறுத்த வேண்டாம். இல்லாத குரல்கள் கேட்பதாகத் தாய் சொன்னாலோ, தூங்காமலேயே பரபரப்பாக இருந்து சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அது அவசர நிலை. கோயிலுக்குப் போய் மந்திரித்துக்கொள்ள விரும்பினால் பிறகு போகலாம். முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணத்தை வெளியே சொன்னால் போலீஸ் வழக்காகிவிடும் என்று இன்றும் அஞ்சுபவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மனம் தாங்காத வேளையில் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.